281 பெரிதா, 88,227 பெரிதா?

281 பெரிதா, 88,227 பெரிதா என்று மூதூர் இறங்குதுறையில் மீன் விற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக் கொள்வார். ஆனால் ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் கணக்கில், உலகின் மிகப் பலம்வாய்ந்த நாடொன்றின் வழக்கப்படி, 281தான் பெரிது. அதுவும் இரண்டு மடங்கு.

இந்த இரண்டு எண்களும் அந்த நாட்டினுடையவை அல்ல, நம்முடையவை. 2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேனவுக்கு 249,524 வாக்குகள், மஹிந்த ராஜபக்ஷவுக்கு 249,243. இடைவெளி வெறும் 281. ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நிற்கும் கூட்டம் அதைவிடப் பெரிது. அதே இரவில் திருகோணமலை மாவட்டத்தில் சிறிசேனவுக்கு 140,338, ராஜபக்ஷவுக்கு 52,111. இடைவெளி 88,227.

இலங்கைச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே குவியலில் கொட்டியது. ஜனாதிபதித் தேர்தலைப் பொறுத்தமட்டில் முழுத் தீவும் ஒரே தொகுதி. 22 தேர்தல் மாவட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அவை எண்ணுகிற வசதிக்காகப் போட்ட பாத்திகள். தண்ணீர் எல்லாம் கடைசியில் ஒரே குளத்துக்குத்தான் போகிறது. அந்தக் குளத்தில் சிறிசேனவுக்கு 6,217,162, ராஜபக்ஷவுக்கு 5,768,090. மொத்த இடைவெளி 449,072. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திருகோணமலையின் 88,227. பதுளையின் 281 இருந்ததும் தெரியாது, இல்லாமற் போயிருந்தாலும் தெரியாது.

இனி அமெரிக்கக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்காவில் வாக்காளர் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு கணக்கு. நாடு முழுவதற்கும் 538 பேர். 270 கிடைத்தால் வெற்றி. இந்த 538 பேரின் கூட்டத்துக்கு எலக்டோரல் கொலிஜ் என்று பெயர். நம் பத்திரிகைகள் சில அதைத் 'தேர்தல் கல்லூரி' ஆக்கிவிட்டன. வகுப்பும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. இந்த 538 பேரும் ஒரே இடத்தில் கூடுவதுகூட இல்லை, அவரவர் மாநிலத் தலைநகரில் கூடி வாக்களித்துவிட்டுக் கலைகிறார்கள். சிக்கல் அங்கே இல்லை. மேய்ன், நெப்ராஸ்கா தவிர்ந்த 48 மாநிலங்களிலும், மாநிலத்தில் ஒரு வாக்கு கூடுதலாக எடுத்தவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

நம் 22 மாவட்டங்களையும் 22 மாநிலங்களாக நினைத்துக் கொள்ளுங்கள். 2015 பொதுத் தேர்தலில் மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்ட பாராளுமன்ற ஆசனங்கள் 196. அவற்றைத் தேர்வாளர் எண்ணிக்கையாக வைத்துக் கொள்வோம். 99 எடுத்தவர் ஜனாதிபதி. திருகோணமலைக்கு 4 ஆசனம், பதுளைக்கு 8. திருகோணமலை 88,227 வாக்குகளை வாரிக் கொடுத்தாலும் 4 தான், ஒரே ஒரு வாக்கு கூடுதலாகக் கொடுத்தாலும் 4 தான். பதுளையோ 281 வாக்குகளை நீட்டி 8 ஆசனத்தைக் கொடுத்துவிடுகிறது. மீன்காரர் கேட்டால் தராசைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடுவார்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம். அந்தத் தேர்தலில் சிறிசேன முந்தியது 12 மாவட்டங்களில், ராஜபக்ஷ 10இல். ஆசனமாக மாற்றினால் 107க்கு 89. வெற்றியாளர் மாறவில்லை. ஆனால் பதுளையில் 141 பேர் மனம் மாறி எதிர்ப்பக்கம் புள்ளடி போட்டிருந்தால் அந்த 8 ஆசனமும் கைமாறியிருக்கும். புத்தளத்தில் இடைவெளி 4,322. அங்கே 2,162 பேர் மாறியிருந்தால் இன்னொரு 8. கூட்டினால் 2,303 பேர். நாற்பத்தைந்து இ.போ.ச. பஸ்களில் ஏற்றிவிடலாம். அவர்கள் மாறியிருந்தால் ராஜபக்ஷவுக்கு 105, சிறிசேனவுக்கு 91. நான்கு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் குறைவாக எடுத்தவர் ஜனாதிபதியாகியிருப்பார்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதி அப்படி இருந்திருந்தால் வேட்பாளர்களும் வேறுவிதமாக ஓடியிருப்பார்கள். புத்தளத்திலும் பதுளையிலும் மேடை மேல் மேடை போட்டிருப்பார்கள். திருகோணமலைக்கு ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். முடிவு தெரிந்த ஊரில் யார் வாக்குக் கேட்பது? அமெரிக்காவில் ஒவ்வொரு தேர்தலிலும் நடப்பது இதுவே. கலிபோர்னியாவும் டெக்சாஸும் பணம் திரட்டும் இடங்கள். பிரசாரம் எல்லாம் பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற ஏழெட்டு மாநிலங்களில்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 52,111 பேர். திருகோணமலை மாவட்டத்தில் 2015இல் ராஜபக்ஷவுக்கு வாக்களித்தவர்கள். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஐந்தில் இரு பங்குக்குச் சற்று மேல், தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, சிங்களவர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். யாரும் தனிப் பெரும்பான்மை இல்லை. சேருவில, திருகோணமலை, மூதூர் என்ற மூன்று தேர்தல் தொகுதிகளும் மூன்று விதமாக நினைக்கும். ஆனால் தேர்தல் இரவில் தொலைக்காட்சித் திரையில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறத்தை அப்பிவிடுகிறார்கள். கந்தளாயில் தோற்ற கட்சிக்கு வாக்களித்தவரின் வீடும் கிண்ணியாவில் வென்ற கட்சிக்கு வாக்களித்தவரின் வீடும் ஒரே நிறம். அமெரிக்கக் கணக்கில் அந்த நிறம்தான் முடிவு. இலங்கைக் கணக்கில் அது வெறும் நிறம். கந்தளாய் வாக்கு கொழும்புக்குப் போய் அங்குள்ள வாக்கோடும் மாத்தறை வாக்கோடும் சேர்ந்துகொள்கிறது. 2019இலும் இப்படியே: மாவட்டத்தில் சஜித் பிரேமதாசவுக்கு 166,841, கோட்டாபய ராஜபக்ஷவுக்கு 54,135. மாவட்டத்தில் தோற்ற அந்த 54,135உம் நாட்டில் வென்ற 6,924,255இன் பகுதியாயிற்று.

மகாவலி கங்கை மலைநாட்டில் பிறந்து, கண்டியைச் சுற்றி, பொலன்னறுவையைத் தொட்டு, கடைசியில் நம் கொட்டியாரக் குடாவில் வந்து கடலோடு சேர்கிறது. குடாவில் ஒரு கை தண்ணீரை அள்ளி இதில் எது நாவலப்பிட்டி மழை, எது மகியங்கனை மழை என்று பிரிக்க முடியுமா? நேரடி வாக்கெடுப்பு அப்படி. அமெரிக்கருடையது ஒவ்வொரு வளைவிலும் அணை கட்டி, அந்த அணையில் எந்த நிறத் தண்ணீர் அதிகமோ அதையே மொத்தத் தண்ணீர் என்று எழுதிக் கொள்வது.

அமெரிக்கருக்கும் இது தெரியாமலில்லை. 2000ஆம் ஆண்டில் அல் கோர் நாடு முழுவதும் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கூடுதலாக எடுத்தார். புளோரிடாவில் 537 வாக்குகளால் பின்தங்கினார். அந்த மாநிலத்தின் 25 தேர்வாளர்களும் போனார்கள்; ஜோர்ஜ் புஷ் 271 பேரோடு ஜனாதிபதியானார். 2016இல் ஹிலாரி கிளின்டன் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் கூடுதலாக எடுத்தும் தோற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இப்படி நடந்திருக்கிறது.

அரசியலமைப்பைத் திருத்தினால் போயிற்று. ஆனால் அதற்குக் காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு வேண்டும். பிறகு 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். 1969இல் பிரதிநிதிகள் சபை பெரும் பெரும்பான்மையோடு அப்படியொரு திருத்தத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு செனட்டில் பேசிப் பேசியே கொன்றுவிட்டார்கள்.

கதவு திறக்காவிட்டால் யன்னல் இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் சட்டத்தரணிகள். 2000 தேர்தலுக்குப் பிறகு அகில் ரீட் அமார், விக்ரம் அமார் என்ற சகோதரர்கள் — சட்டப் பேராசிரியர்கள், இந்தியாவிலிருந்து போன பெற்றோரின் பிள்ளைகள் — அரசியலமைப்பின் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார்கள். தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கலாம் என்கிறது அந்த வரி. அப்படியானால் 'எங்கள் மாநிலத்தில் யார் வென்றாலும் சரி, நாடு முழுவதும் அதிக வாக்கு எடுத்தவருக்கே எங்கள் தேர்வாளர்கள்' என்று ஒரு மாநிலம் சட்டம் இயற்றினால் யார் தடுப்பது? இந்த எண்ணத்தை மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தமாக வடித்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ஜோன் கோசா. சுரண்டிப் பார்க்கும் லொத்தர்ச் சீட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கணினி விஞ்ஞானி. எந்தச் சீட்டும் வீணாகக் கூடாது என்று லொத்தர்க்காரர் ஒருவர் நினைத்தது எனக்குப் பிடித்த முரண்.

ஒப்பந்தத்தின் சூட்சுமம் ஒரு பூட்டில் இருக்கிறது. ஒரு மாநிலம் மட்டும் இப்படிச் செய்தால் அது ஏமாளி. ஆகவே கையெழுத்திட்ட மாநிலங்களின் தேர்வாளர் தொகை 270ஐத் தொடும்வரை ஒப்பந்தம் தூங்கும். தொட்ட கணத்தில் விழிக்கும். அதன் பிறகு மற்ற மாநிலங்கள் என்ன செய்தாலும் கவலையில்லை, 270 கையில் இருக்கிறது.

மறுபடியும் நம் விளையாட்டுத் தீவுக்கு வாருங்கள். கொழும்பு 19, கம்பஹா 18, குருநாகல் 15, கண்டி 12, இரத்தினபுரி 11, களுத்துறை 10, காலி 10, கேகாலை 9. கூட்டிப் பாருங்கள், 104. இந்த எட்டு மாவட்டங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டால் 99ஐத் தாண்டியாயிற்று. மற்றப் பதினான்கு மாவட்டங்களை யாரும் கேட்கவே வேண்டியதில்லை. வியப்பு என்னவென்றால், கேட்கப்படாத திருகோணமலையின் ஒவ்வொரு வாக்கும் அந்தக் கணத்திலிருந்து முழு வாக்காகிவிடும். எட்டு மாவட்டங்களும் பார்ப்பது நாட்டின் மொத்தத்தை. மொத்தத்தில் கிண்ணியாவும் உண்டு, கந்தளாயும் உண்டு.

கசப்பும் உண்டு. ஹம்பாந்தோட்டை கையெழுத்திட்டிருந்தது என்று வையுங்கள். 2015இல் தன் மண்ணின் மைந்தரான ராஜபக்ஷவுக்கு வாரி வழங்கிய அந்த மாவட்டம், தன் 7 ஆசனத்தையும் சிறிசேனவிடம் கொடுத்திருக்க வேண்டும். அந்த மாலையில் தங்காலையில் யார் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசத் துணிவார்? அமெரிக்காவிலும் இதுவே பெரிய பயம். மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்யக் காங்கிரஸின் சம்மதம் வேண்டுமா என்ற வழக்கும் காத்திருக்கிறது. நமக்கு விசித்திரமாகப் படும் இன்னொரு தடை: அங்கே நாடு முழுவதற்குமான வாக்கை எண்ணி அறிவிக்கும் தேர்தல்கள் ஆணைக்குழு என்று ஒன்று இல்லை. 50 மாநிலமும் 50 விதமாகப் பதிவு செய்து 50 விதமாக எண்ணுகின்றன. 2007இல் மேரிலாந்து முதலில் கையெழுத்திட்டது. 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது தொகை 209. சேர்ந்தவை எல்லாம் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாயும் இடங்கள். ஒரு கட்சி மட்டும் தள்ளுகிற தேர் எவ்வளவு தூரம் போகும்?

ஆக, அமெரிக்கர் சுற்றி வளைத்துப் போய்ச் சேர நினைக்கும் இடத்தில் நாம் 1982 ஒக்டோபர் 20ஆம் திகதியே நின்றோம். ஜே.ஆர். ஜயவர்தன 1978 அரசியலமைப்பின் கீழ் நடத்திய முதல் ஜனாதிபதித் தேர்தல் அது, 52.91 சதவீதத்தோடு வென்றார். அவருடைய அரசியலமைப்பைத் திட்டுவதற்குக் காரணங்கள் ஏராளம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வாக்கெண்ணும் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெறுமனே அதிக வாக்கு போதாது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். ஒருவருக்கும் அது கிடைக்காவிட்டால் இரண்டாம் தேர்தல் வைப்பதில்லை. வாக்காளர் அன்றே அதே சீட்டில் 1, 2, 3 என்று தம் விருப்பை வரிசைப்படுத்தலாம். முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரேயடியாகக் களத்திலிருந்து நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மட்டும் மறுபடி எடுத்து, அவற்றில் எஞ்சிய இருவரில் யாருக்கு 2 அல்லது 3 என்று பார்ப்பார்கள். சிறுபான்மையினர் தங்கள் ஆளுக்கு 1 போட்டுவிட்டு 2ஐப் பேரம் பேசலாம். பெரிய வேட்பாளர்கள் அந்த 2ஐக் கேட்டு அவர்கள் வாசலுக்கு வர வேண்டியிருக்கும். எழுத்தில் அழகான ஏற்பாடு.

எழுத்திலேயே 42 ஆண்டுகள் கிடந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டினார். 2005இல் மஹிந்த ராஜபக்ஷ தாண்டியது 28,632 வாக்குகளால்தான், ஆனாலும் தாண்டினார். 2024 செப்டெம்பர் 21இல் 38 வேட்பாளர்கள் நின்ற தேர்தலில்தான் முதன்முறையாக ஒருவரும் தாண்டவில்லை. அனுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 — 42.31 சதவீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. மற்ற 36 பேருக்கும் சேர்த்து 33 இலட்சத்துக்கும் மேல். மறுநாள் நாடெங்கும் வாக்கெண்ணும் நிலையங்களில் களைத்துப் போயிருந்த உத்தியோகத்தர்கள் கட்டிய கட்டுகளை மறுபடி அவிழ்த்தார்கள்.

அவிழ்த்துப் பார்த்தால் வெறுமை. அந்த 3,321,666 சீட்டுகளில் முதல் இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தவை 273,131. நூற்றுக்கு எட்டு. திசாநாயக்கவுக்கு 105,264, பிரேமதாசவுக்கு 167,867. மாவட்டத்தில் முதலிடம் பிரேமதாசவுக்குக் கொடுத்த திருகோணமலையிலும், சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் விழுந்த சீட்டுகள் இப்படி மறுபடி புரட்டப்பட்டன. திசாநாயக்க 5,740,179 வாக்குகளோடு வென்றதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய இருவரின் கணக்கில் அது 55.89 சதவீதம். அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகள் எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்தால் 43 சதவீதம்தான். சட்டத்தில் பிழையில்லை, சீட்டில் 2 எழுதாதவர் இரண்டாம் சுற்றில் வீட்டில் இருந்தவராகிறார்.

ஏன் எழுதவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் ஒரு சொல். 'விருப்பு வாக்கு' என்றால் நமக்குப் பழக்கமானது பாராளுமன்றத் தேர்தல்: கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே கட்சிக்குள் மூன்று வேட்பாளரின் இலக்கங்கள். அங்கே மூன்றும் சமம், மூன்றும் எண்ணப்படும். ஜனாதிபதித் தேர்தலில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: முதலாமவர் விழுந்தால்தான் இரண்டாமவர் எழுந்திருப்பார். பலருக்கு இரண்டும் குழம்பிப் போயிற்று. இன்னும் பலருக்கு அச்சம், 2 போட்டால் 1 செல்லாமற் போய்விடுமோ என்று. பாதுகாப்பாக ஒரு புள்ளடியோடு வந்துவிட்டார்கள்.

இந்தியாவில் ஜனாதிபதியைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் தெரிவுசெய்கிறார்கள். மாநில மக்கள்தொகைக்கு ஏற்ப அவர்கள் வாக்குக்கு எடை: தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, இன்னும் 1971 குடிசனக் கணக்கின்படியே. அங்கும் 1, 2, 3 எழுதும் முறைதான். 1969இல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் பாதியைத் தொடாமல் இரண்டாம் விருப்புகளால் வென்றார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கொழும்பில் இந்திய உயர் ஸ்தானிகராக இருந்தவர் அவர். அவருக்கு வாக்களித்தவர்கள் அரசியலையே தொழிலாகக் கொண்ட சில ஆயிரம் பேர். 2இன் விலை அவர்களுக்குத் தெரியும்.

நேரடி முறையைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. 2005 நினைவுக்கு வருகிறது. அந்த நவம்பரில் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான 701,938 வாக்காளரில் வாக்களித்தவர் 8,524 பேர். நம் மாவட்டத்தில் சம்பூரும் ஈச்சிலம்பற்றும் அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில். வாக்களிக்க வேண்டுமானால் எல்லை கடந்து வர வேண்டும். நாட்டில் இடைவெளி 180,786. நேரடி முறையில் வராதவருக்குக் கணக்கில் இடமில்லை. அமெரிக்க முறையென்றால் அந்த 8,524 பேரே யாழ்ப்பாணத்தின் அப்போதைய 9 ஆசனத்தையும் முழுசாகப் பிடித்து வைத்திருப்பார்கள். அணை கட்டுகிறவர்கள் சொல்லக்கூடிய ஒரு நியாயம் இது: வறட்சிக் காலத்திலும் அணைக்கு அதன் பங்கு உண்டு.

இப்போதைய அரசாங்கம் தேர்தலுக்கு முன்பு வாக்குறுதி ஒன்று கொடுத்திருக்கிறது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழித்து, அதிகாரம் குறைந்த ஒரு ஜனாதிபதியைப் பாராளுமன்றமே தெரிவுசெய்யும். 2022 ஜூலை 20இல் அதற்கு ஒரு மாதிரி பார்த்தோம். கோட்டாபய போன பின் எஞ்சிய காலத்துக்கு ரணில் விக்கிரமசிங்கவை 134 உறுப்பினர்கள் தெரிவுசெய்தார்கள். தேத்தண்ணிக் கடைகளில் இதை வரவேற்கிறவர்களே அதிகம். தனியொருவர் கையில் அவ்வளவு அதிகாரம் இருந்து நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அது நடந்தால் சேருவிலையும் திருகோணமலையும் மூதூரும் போட்ட வாக்குகள் மொத்தக் குவியலில் விழுவது நின்றுபோகும். பாராளுமன்றத்தின் 225 பேரில் இந்த மாவட்டம் அனுப்புகிறவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்காகும்.

நான்கு பேர்.